ஸ்மால் பேட்ச் போர்பன்: முதல் கிளாஸைச் சுவைப்பது எப்படி?

பாட்டிலைத் திறக்கும் முன் லேபிளைப் படியுங்கள். சில பீப்பாய்களை மட்டும் கலந்தது என்று சொல்ல வரும் 'ஸ்மால் பேட்ச்' என்ற சொல்லுக்கு அமெரிக்கச் சட்டத்தில் வரையறை கிடையாது. பத்துப் பீப்பாயைக் கலந்தாலும் முந்நூறைக் கலந்தாலும் போட்டுக்கொள்ளலாம். 'போர்பன்' என்ற அமெரிக்க விஸ்கி வகையின் பெயர் அப்படியல்ல. தானியத்தில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும், உள்பக்கம் கரித்த புது ஓக் கலத்தில் ஊற வேண்டும், நிறமோ சுவையூட்டியோ சேர்க்கக் கூடாது. 'ஸ்ட்ரெய்ட்' என்றும் இருந்தால் குறைந்தது இரண்டு வருடம் ஊறியது.

அடுத்து, இரண்டாவது தானியம் எது என்று பாருங்கள். ரை என்ற குளிர்நாட்டுத் தானியம் என்றால் கிராம்பு, மிளகு போலக் காரம் தெரியும். கோதுமை என்றால் மென்மை. பழக இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடிப்பதுதான் நல்லது: ரை உள்ள நாப் கிரீக், கோதுமை உள்ள மேக்கர்ஸ் மார்க்.

பீப்பாயைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் சுவை பிடிபடும். நன்றாகக் கரித்த பலகை முதலைத் தோல் போல வெடித்திருக்கும். அந்தக் கரிக்கு அடியில் மரத்தின் சர்க்கரை உருகிச் சிவந்த அடுக்கு ஒன்று உண்டு. போர்பனுக்குப் பேர்போன அமெரிக்க மாநிலமான கென்டக்கியின் கோடையில் சாராயம் விரிந்து அந்த அடுக்குக்குள் போகும். குளிர்காலத்தில் சுருங்கி, அங்கிருந்த இனிப்பையும் நிறத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பும். கிடங்கின் மேல்தளத்தில் வெயில் தாக்கம் அதிகம், கீழ்த்தளத்தில் குறைவு. அதனால் ஒரே நாளில் நிரப்பிய இரண்டு பீப்பாய்கள்கூட ஒரே மாதிரி வராது. நூற்றுக்கணக்கில் கலக்கும்போது இந்த வித்தியாசம் கரைந்துவிடும். சிலவற்றை மட்டும் நாக்கால் பார்த்துப் பொறுக்கிக் கலந்தால் ஒவ்வொன்றின் குணமும் தலைகாட்டும். என்னைப் பொறுத்தவரை ஸ்மால் பேட்சின் மதிப்பே அந்தப் பொறுக்கலில்தான் இருக்கிறது.

இனி கிளாஸ். வாய் குறுகியதாக எடுத்து 30 மில்லி ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம், குளிர் மணத்தை அமுக்கிவிடும். பத்து நிமிடம் அப்படியே விடுங்கள்.

மூக்கை உள்ளே விடாமல், விளிம்புக்கு மேலே வைத்து, வாயைச் சற்றே திறந்தபடி மோந்து பாருங்கள். நெடி ஏறாது. வெல்லப்பாகு, வனிலா, வறுத்த நிலக்கடலை என்று ஒவ்வொன்றாக வரும். பெயர் சொல்ல வராவிட்டால் உங்கள் சமையலறையில் எது நினைவுக்கு வருகிறதோ அதையே குறித்து வையுங்கள்.

முதல் மிடறு நாக்கை நனைக்க மட்டும். சுள்ளென்றுதான் இருக்கும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டாவது மிடறை மெல்வதுபோல வாயெங்கும் சுழற்றி விழுங்குங்கள். போர்பன் தயாரிக்கும் ஜிம் பீம் குடும்பத்துப் புக்கர் நோ இப்படித்தான் சுவைப்பார், 'கென்டக்கி மெல்லல்' என்று அதற்குப் பெயர். விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம் சுவை நிற்கிறது என்று கவனியுங்கள்.

பிறகு நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி மோந்து பாருங்கள். எரிப்பு இறங்கி, மறைந்திருந்த பழ மணம் மேலே வரும். ஆல்கஹால் 50 சதவீதத்துக்கு மேல் உள்ள போர்பனுக்குத் தண்ணீர் அவசியம் என்பேன்.

இரண்டு கிளாஸோடு நிறுத்துங்கள், அதற்கு மேல் நாக்கு மரத்துவிடும். காலி கிளாஸைக் கழுவாமல் மூடி வையுங்கள். காலையில் திறந்தால் சாராய நெடி போயிருக்கும். கரிந்த சர்க்கரையும் ஓக் மரமும் மட்டும் மணக்கும்.