வீட்டிலேயே ஒரு கயாம்ப் செய்து மலோயா தாளம் பழகுவது எப்படி

ரெயூனியன் தீவின் மலோயா இசையை முதல்முறை கேட்கிற தமிழர் பத்துப் பேரில் ஒன்பது பேர் சொல்வது ஒன்றுதான்: "அட, இது நம்ம கும்மி மாதிரியே இருக்கே!" நானும் அதைத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு தகிட தகிட என்று தொடையில் தட்டிக்கொண்டே கூட வாசிக்கப் போனேன், அரை நிமிடத்தில் பாட்டு ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். மூன்று மூன்றாக எண்ணுவது நமக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனால் அந்த மூன்றோடு இன்னொரு கணக்கும் ஒரே நேரத்தில் ஓடுகிறது, அது ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் வந்த கணக்கு. அதைக் கைக்குப் பழக்கத்தான் இந்தக் குறிப்பு. காசு பெரிதாக ஆகாது, பொறுமைதான் வேண்டும்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம். மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கிற ரெயூனியனில் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறும்வரை நிரந்தரமாக யாரும் வாழவில்லை. முதலில் காப்பித் தோட்டங்கள், பிறகு கரும்பு. இரண்டுக்கும் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக் பக்கத்துக் கிழக்காப்பிரிக்கக் கரையிலிருந்தும் மனிதர்களைப் பிடித்து வந்து அடிமைகளாக வைத்தார்கள். 1848 டிசம்பர் 20 அன்று அங்கே அடிமை முறை ஒழிந்தபோது 60,000க்கும் மேற்பட்டவர்கள் விடுதலையானார்கள். மலோயா அவர்களுடைய பாட்டு. தோட்ட வேலை முடிந்த இரவுகளிலும், முன்னோர்களுக்குப் படையல் போடும் 'செர்வீஸ் கபாரே' என்ற சடங்கிலும் பாடியது. 1960களிலும் 70களிலும் அரசு நிர்வாகத்துக்கு இது ஆகவே ஆகாது, கம்யூனிஸ்டுகள் ஆதரித்த பாட்டு என்பதால் இன்னும் ஆகாது. ஃபிர்மேன் விரி என்ற பாடகரின் குரலில் மலோயா இசைத்தட்டாக வந்ததே 1976இல்தான், அதுவும் தீவின் கம்யூனிஸ்ட் கட்சியின் முயற்சியில். 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. டிசம்பர் 20 இன்று அங்கே பொது விடுமுறை, அன்றைக்குத் தீவு முழுக்க மலோயாதான்.

சரி, கருவிக்கு வருவோம்.

கயாம்ப் என்பது கிட்டத்தட்ட ஒரு முறம் அளவுக்கு இருக்கிற தட்டையான கிலுகிலுப்பை. மரச்சட்டத்தின் இரண்டு முகத்திலும் கரும்புப் பூத்தண்டுகளை நெருக்கமாக அடுக்கிக் கட்டி, உள்ளே விதைகளைப் போட்டு மூடியிருப்பார்கள். இதே கருவிக்குக் கென்யக் கடற்கரையில் பெயர் கயாம்பா. கொமோரோ தீவுகளில் ம்கயாம்பா. பக்கத்து மொரீஷியஸில் மராவான் என்கிறார்கள். கப்பலில் எந்தக் கருவியையும் கொண்டுவர விடாதபோது கை நினைவு வைத்திருந்ததை, கரும்புத் தோட்டத்தில் வீணாய்க் கிடந்த பூத்தண்டை வைத்துத் திரும்பச் செய்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

செய்முறை கஷ்டமில்லை. ஒன்றரையிலிருந்து இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலத்துக்கு ரீப்பர் கட்டையில் ஒரு சட்டம் அடித்துக்கொள்ளுங்கள், ஆழம் இரண்டு விரல் இருந்தால் போதும். நடுவில் ஒரு குறுக்குக் கட்டை கொடுத்தால் தண்டுகள் தொய்யாது. நம் ஊரில் கரும்பைப் பூக்க விடாமல் வெட்டிவிடுவார்கள் என்பதால் பூத்தண்டு கிடைப்பது அபூர்வம், அதனால் ஆற்றோரத்து நாணலே போதும். ஒரு வாரம் வெயிலில் நன்றாகக் காய வைத்து, ஒரே தடிமனாகப் பொறுக்கி எடுத்து, பாய் பின்னுவது போல நூலால் வரிசையாகக் கட்டி ஒரு முகத்தை மூடுங்கள். பச்சையாக இருக்கும்போதே கட்டிவிட்டால் காய்ந்து சுருங்கியதும் இடைவெளி விழுந்து விதை எல்லாம் கூடத்தில் உருளும்.

விதைதான் முக்கியம். ரெயூனியனில் கல்வாழை விதை போடுகிறார்கள், அல்லது குன்றிமணி. ஆமாம், தட்டான் கடையில் தங்கம் நிறுத்த அதே குன்றிமணிதான். நான் முதலில் சோம்பேறித்தனமாகப் பச்சைப் பயறு போட்டேன். சத்தம் மழுங்கலாக வந்தது, அது போகட்டும் என்று விட்டால் இரண்டே மாதத்தில் வண்டு பிடித்து உள்ளே மாவாகிவிட்டது, ஆட்டினால் நாணல் இடுக்கு வழியே மடியில் பொடி கொட்டியது. கல்வாழை விதை உருண்டையாய், கல் மாதிரி இருக்கும், வீட்டுத் தோட்டத்திலேயே காய்க்கும், எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. குன்றிமணி போடுவதாக இருந்தால் ஒன்று கவனம்: அது கடும் விஷம், உடைந்த விதை வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம்.

இரண்டு கைப்பிடி விதை போட்டு, மறு முகத்தை மூடும் முன் தாளால் பொத்திப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மழை மாதிரி 'ஷ்ஷ்' என்று இழுத்துக்கொண்டே இருந்தால் விதை அதிகம், கொஞ்சம் எடுத்துவிடுங்கள். 'சக்' என்று முடிய வேண்டும்.

இப்போது கருவியைக் கீழே வையுங்கள். இதைக் கையும் காலும்தான் முதலில் கற்க வேண்டும். ஒன்றிலிருந்து ஆறுவரை நிதானமாக எண்ணுங்கள். ஒன்றுக்கும் நான்குக்கும் கால் தரையில் தட்டட்டும், இதுதான் நமக்குப் பழக்கமான தகிட தகிட. கால் நிற்காமல் இருக்க, ஒன்று, மூன்று, ஐந்துக்குக் கை தட்டுங்கள். கால் இரண்டு முறை விழும் நேரத்தில் கை மூன்று முறை விழுகிறது, இரண்டும் சந்திப்பது ஒன்றில் மட்டும். முதல் நாள் கால் கையைப் பின்பற்றிப் போய்விடும், எல்லோருக்கும் அப்படித்தான். எண்ணிக்கையை விட்டுவிட்டு, "தாம் தகதோம், தாம் தகதோம்" என்று வாயால் சொல்லிப் பாருங்கள். தாம் என்பதில் காலும் கையும் சேர்ந்து விழும், த கை, க கால், தோம் கை. சொல் வாயில் நின்றுவிட்டால் உடம்பு தானாக வந்து சேரும்.

நம் மிருதங்கக்காரர்கள் இதைப் பார்த்ததும் "திஸ்ரத்தில் (மும்மூன்றாக எண்ணும் நடையில்) ஒரு கணக்கு" என்று சொல்லி, சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், கொண்டுபோய் முடிக்கப் பார்ப்பார்கள். அங்கேதான் சிக்கல். மலோயாவில் இரண்டும் மூன்றும் ஒன்றை ஒன்று ஜெயிக்க வேண்டியதில்லை, கேட்கிறவர் இரண்டிலும் ஆடலாம், மூன்றிலும் ஆடலாம், நடுவில் மாறிக்கொள்ளலாம். தீர்மானம் என்ற முடிப்புச் சொற்கட்டு வைத்து இறக்கினால் அந்த மிதப்பு போய்விடும். எனக்கு இது பிடிபடவே பல மாதம் ஆனது.

கயாம்பை எடுங்கள். இரண்டு கையாலும் ஓரங்களைப் பிடித்து வயிற்றுக்கு முன்னால் தட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். நெல் புடைப்பது போல மேலே தூக்கிப் போடக் கூடாது, விதை இடமிருந்து வலம், வலமிருந்து இடம் ஓட வேண்டும். ஆறு எண்ணிக்கைக்கு ஆறு ஆட்டம்: இடம் வலம் இடம், வலம் இடம் வலம். ஒன்றிலும் நான்கிலும் மட்டும் அழுத்தம் கொடுங்கள். அழுத்தம் ஒரு முறை இடப்பக்கம் விழும், மறுமுறை வலப்பக்கம். இப்போது இடப்பக்க ஆட்டங்களை மட்டும் எண்ணிப் பாருங்கள்: ஒன்று, மூன்று, ஐந்து. சற்று முன்பு கை தட்டினோமே, அதே மூன்று! அழுத்தத்தில் இரண்டு, ஆட்டத்தில் மூன்று, இரண்டும் ஒரே கருவிக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன. யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த கருவி என்று நினைக்கிற அளவுக்கு இது பொருந்துகிறது. கணக்குத் தெரியாமல் சும்மா ஆட்டினாலே வந்துவிடுவதுதான் அதன் அழகு.

ஒரு நுணுக்கம் உண்டு, இதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள். கை அசையும்போது சத்தம் வராது, விதை ஓடிப்போய் எதிர் ஓரத்தில் மோதும்போதுதான் வரும். அதனால் தாளத்துக்குச் சரியாகக் கையை ஆட்டினால் சத்தம் பின்தங்கும், கை ஒரு இமைப்பொழுது முந்த வேண்டும். பாட்டைப் போட்டு, ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு, உங்கள் 'சக்' பாட்டின் 'சக்'கோடு ஒட்டுகிறதா என்று கேளுங்கள். தோள் இறுகினால் நிறுத்திவிடுங்கள், இது தோள் வேலை இல்லை, மணிக்கட்டும் இடுப்பும் செய்ய வேண்டியது. பெருவிரல் ஓரத்தில் முதல் வாரம் தோல் உரியும்.

கூட ஒரு ஆள் கிடைத்தால் ரூலேரை அவரிடம் கொடுங்கள். ரம் பீப்பாயின் ஒரு வாயில் மாட்டுத்தோலை இழுத்து அடித்த பெரிய முழவு அது, படுக்கப் போட்டு, குதிரை மேல் உட்கார்வது போல அதன் மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் அடிப்பார்கள். குதிகாலைத் தோலில் அழுத்தினால் சுருதி ஏறும், எடுத்தால் இறங்கும். தபேலாவின் டக்காவில் மணிக்கட்டை அழுத்தி 'கூம்ம்' என்று இழுப்பார்களே, அந்த வேலையை இங்கே குதிகால் செய்கிறது. நம் வீட்டில் பீப்பாய்க்கு எங்கே போவது? பிளாஸ்டிக் டிரம்மில் அடிக்கலாம், ஆனால் குதிகாலுக்கு வேலை இருக்காது. ஒரு தோலக் இருந்தால் அதைப் படுக்க வைத்து, ஒரு கையால் அடித்து மறு கையால் தோலை அழுத்திப் பழகுவது மேல்.

மூங்கிலைக் குச்சிகளால் தட்டும் பிக்கேர், சுரைக்குடுவை கட்டிய வில் போன்ற போப்ர் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். போப்ரைப் பார்த்ததும் வில்லுப்பாட்டு நினைவுக்கு வரும், ஆனால் அதன் உறவு மொசாம்பிக்கின் சித்தெண்டெயோடும் பிரேசிலின் பெரிம்பாவோடும்தான்.

தகரத்தைக் குச்சிகளால் தட்டும் சாட்டி என்று ஒன்று உண்டு, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெயரைக் கேட்டதும் நம் சட்டி மாதிரி இருக்கிறதே என்று தோன்றுகிறதல்லவா? அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்பு வெட்டத் தென்னிந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், அங்கே அவர்களை மல்பார் என்பார்கள். அவர்கள் கோயில் மேளமும் தீமிதியும் அதே தோட்டங்களில்தான் நடந்தன. மலோயாவின் பெரிய பாடகர் கிரான்மூன் லெலே (கிரான்மூன் என்றால் தீவின் கிரியோல் மொழியில் பெரியவர்) மடகாஸ்கரின் மலகாசி மரபிலும் மல்பார் மரபிலும் கால் வைத்தவர். ஆக, உறவு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது மேலே வந்து படிந்த உறவு, அடியில் இருப்பது ஆப்பிரிக்காவும் மடகாஸ்கரும். சாட்டியைப் பிடித்துக்கொண்டு மலோயாவையே நம்முடையது என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

உறவு தேடுவதானால் இலங்கைக்குப் போகலாம். புத்தளம் அருகே சிரம்பியடியில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் இன்னும் 'மாஞ்சா' என்ற தங்கள் பாட்டைப் பாடுகிறார்கள். தேங்காய்ச் சிரட்டை, போத்தல், கரண்டி, தோலக், இவைதான் கருவிகள். கயாம்பில் கை பழகியபின் மாஞ்சாவைக் கேளுங்கள், இலங்கையின் ஆட்டப் பாட்டான பைலாவை வேறு காதால் கேட்பீர்கள்.

பயிற்சிக்கு முதலில் ஃபிர்மேன் விரி, பிறகு கிரான்மூன் லெலே, கடைசியாகத் தனியெல் வாரோ. வாரோவின் பாட்டுகளில் வேகம் அதிகம், அங்கே தொடங்கினால் மனம் விட்டுப்போகும். பாடகர் ஒரு வரி பாடுவார், கூட்டம் அதை வாங்கித் திருப்பும், அந்த வாங்கும் இடத்தில்தான் கயாம்ப்காரர் குழம்பி அழுத்தத்தை இடம் மாற்றிவிடுவார். அதனால் மூன்றாவது வாரத்திலிருந்து ஆட்டும்போதே நீங்களும் கூட்டத்தோடு வாய் திறந்து பாடுங்கள், சொல் புரியாவிட்டாலும் பரவாயில்லை. அடுக்குமாடியில் இருப்பவர்கள் இரவு ஒன்பதுக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள், கல்வாழை விதையின் சத்தம் மூன்று மாடி இறங்கும் என்று எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிறவர் வந்து சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.