பேஸ் கிட்டாருக்கு ஸ்ட்ராப் லாக்: பூட்டைப் பார்க்கிறோம், ஸ்க்ரூவைப் பார்ப்பதில்லை

கிட்டாரைத் தோளில் தாங்கும் பட்டைதான் ஸ்ட்ராப். அது கழன்றுவிடாமல், கிட்டாரின் மரத்தில் ஸ்க்ரூவால் பதித்த பட்டனோடு அதைப் பூட்டிவைப்பது ஸ்ட்ராப் லாக். அதை வாங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி ‘எந்த பிராண்டு நல்லது?’ என்பதுதான். தப்பான கேள்வி இல்லை, ஆனால் அதோடு நிறுத்திவிடுவதுதான் தப்பு. பேஸின் எடை சுமார் 4 கிலோ, சிலது அதற்கும் மேல். அந்த எடை மரத்திலிருந்து ஸ்க்ரூவுக்கும், ஸ்க்ரூவிலிருந்து பட்டனுக்கும், பட்டனிலிருந்து லாக்குக்கும், அங்கிருந்து லாக்கை ஸ்ட்ராப்பில் இறுக்கும் நட் வழியாக ஸ்ட்ராப்புக்கும் போகிறது. இதில் லாக் ஒரு கண்ணி மட்டுமே. பெயர் பெற்ற கம்பெனிகளின் லாக் உடைவது அபூர்வம். லாக் போட்ட பிறகும் பேஸ் கீழே விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மரத்திலிருந்து பிடுங்கிக்கொண்ட ஸ்க்ரூவையும், ஸ்ட்ராப் பக்கம் கழன்றுபோன நட்டையும்தான்.

ஸ்க்ரூ விஷயத்தில் நடப்பவை

லாக்கோடு ஒரு ஜோடி ஸ்க்ரூ வரும். பழைய பட்டனைக் கழற்றிவிட்டு, அதே ஓட்டையில் இந்தப் புது ஸ்க்ரூவை யோசிக்காமல் முறுக்கிவிடுவோம். பழைய ஸ்க்ரூ தடிமனாகவும் புதியது ஒல்லியாகவும் இருந்தால், மரை மரத்தைச் சரியாகக் கடிக்காது. அன்றைக்கு இறுகியது போலத் தெரியும். நாலைந்து ஒத்திகைக்குப் பிறகு பட்டன் ஆட ஆரம்பிக்கும். பழைய ஸ்க்ரூவையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம், தடிமன் இரண்டையும் பார்த்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பழைய ஸ்க்ரூ நன்றாகப் பிடிக்கிறது, அதையே புது பட்டனில் போடுவோம் என்று நினைப்பார்கள். நல்ல யோசனைதான், தலை பொருந்தினால். சில பேஸ்களின் அசல் ஸ்க்ரூ தலை, லாக் பட்டனின் குழிக்குள் முழுதாக இறங்காது. தலை மேலே துருத்திக்கொண்டிருந்தால் லாக்கைப் பூட்டும் ஊசியோ (பின்) உலோகக் குண்டோ கடைசிவரை போய் உட்காராது. பாதியில் ஒரு ‘கிளிக்’ கேட்கும், பூட்டிவிட்டது என்று நம்பிவிடுவோம். குழியைப் பெரிதாக்க பட்டனையே ட்ரில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம், பட்டனின் சுவர் மெலிந்துவிடும். மரத்துக்கேற்ற தடிமனும் பட்டனுக்கேற்ற தலையும் உள்ள வேறு ஸ்க்ரூவைத் தேடுவதே சரி.

ஓட்டை ஏற்கெனவே தேய்ந்திருந்தால்? கையால் முறுக்கும்போது கடைசியில் இறுகாமல் ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருந்தால் அதுதான் அறிகுறி. பல்குத்தும் குச்சியை ஒடித்துச் செருகி மரப்பசை விடுவது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். இலேசான கிட்டாருக்கு அது ஓடும். பேஸுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, கடினமரக் குச்சி ஒன்றைப் பசையோடு அடித்து, ஒரு நாள் காயவிட்டு, நடுவில் சிறு துளை போட்டு ஸ்க்ரூவை இறக்குவது நிலையான வழி. மரையில் கொஞ்சம் மெழுகு தடவினால் சுலபமாக இறங்கும். பவர் ட்ரில்லால் இறக்காதீர்கள். இறுகிய பிறகும் அது அரைச் சுற்று கூடச் சுற்றிவிட்டால் மரை அங்கேயே போய்விடும்.

இரண்டு பிராண்டைக் கலப்பது

ஷாலர், டன்லப் இரண்டும் பூட்டும் விதமே வேறு. ஷாலரில் ஸ்ட்ராப் பக்கத்துத் துண்டு பட்டனின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும், ஸ்பிரிங் வைத்த ஊசி (பின்) ஒன்று அதை நழுவாமல் காக்கும். டன்லப்பில் பட்டனின் நடுவிலுள்ள துளைக்குள் ஒரு தண்டு போகும், அதிலுள்ள சிறு குண்டுகள் உள்ளே விரிந்து பூட்டும். ஒன்றின் பட்டனில் மற்றொன்றின் துண்டு நிற்காது. ஷாலர் மாதிரியே இருக்கும் மலிவு நகல்களில் இன்னும் ஒரு வம்பு: அளவு மயிரிழை மாறியிருக்கும். அசல் பட்டனில் நகல் துண்டு உள்ளே போகும், பூட்டும், ஆனால் ஆடும். பட்டனும் துண்டும் ஒரே பெட்டியிலிருந்து வந்ததாக இருக்கட்டும்.

ஷாலர் வகையைத் தலைகீழாக மாட்டுவது

ஸ்ட்ராப்பில் போகும் துண்டு ‘ப’ வடிவம். அதன் மூடிய அடிப்பக்கம் ஸ்ட்ராப்பின் நுனியை நோக்கியும், திறந்த வாய் ஸ்ட்ராப்பின் நீளத்தை நோக்கியும் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் கிட்டாரின் எடையை அந்த உலோக வளைவே தாங்கும், பின்னுக்கு வேலை குறைவு. அந்த ஊசி சரியாக உட்காராவிட்டாலும் பட்டன் வளைவுக்குள் கிடக்கும். திருப்பி மாட்டினால் மொத்த எடையும் ஒரு மெல்லிய பின்னில் தொங்கும். டன்லப் வகை எந்தப் பக்கமும் சுழலும், அதில் இந்தக் கவலை இல்லை.

ஆனால் டன்லப்பை ஸ்ட்ராப்பில் நிறுத்துவது ஒரு சின்ன உலோக வளையம். மாட்டும்போது தெறித்து எங்காவது போய் ஒளிந்துகொள்ளும், எரிச்சலான வேலை. அது பள்ளத்துக்குள் முழுதாக உட்கார்ந்ததா என்று சுற்றிலும் பாருங்கள். ஒரு பக்கம் தூக்கியிருந்தால் ஸ்ட்ராப் ஒரு நாள் உருவிக்கொண்டு வந்துவிடும்.

நட் தானாகக் கழலும்

ஸ்ட்ராப் ஒவ்வொரு அசைவிலும் கொஞ்சம் திரும்புகிறது. பழைய ஷாலர்களில் நட்டும் வாஷரும் மட்டுமே இருந்ததால், அந்தத் திருப்பலில் நட் மெல்லத் தளரும். ஷாலரிலேயே ‘எஸ்-லாக்ஸ்’ என்று இப்போது வருவதில் நட்டுக்குப் பதிலாக ஒரு சக்கரமும், அதை நிறுத்த ஒரு குட்டி ஸ்க்ரூவும் உண்டு. அந்தக் குட்டி ஸ்க்ரூவை இறுக்க மறந்தால் புது வடிவம் வாங்கியும் பயனில்லை. பழைய வகைக்கு, மரையைப் பிடித்து வைக்கும் நீல நிறப் பசை ஒரு சொட்டு போதும். அதிலேயே சிவப்பு வகையை விட்டால் பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது. மரத்துக்குள் போகும் ஸ்க்ரூவில் எந்தப் பசையும் வேண்டாம்.

பேஸ் வாசிப்பவர்கள் அகலமான, தடித்த தோல் ஸ்ட்ராப்பை விரும்புவது இயல்பு. அங்கேதான் மரை நீளம் போதாமல் போகிறது. நட்டை முறுக்கிய பிறகு அதற்கு வெளியே மரை கொஞ்சமாவது தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் நட் ஒன்றிரண்டு சுற்றில்தான் நிற்கிறது என்று அர்த்தம். நீண்ட மரை உள்ள வகையை வாங்குங்கள். தோலை நசுக்கி இறுக்கி ஒப்பேற்ற வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் ஒரே லாக் என்று நினைப்பது

கிட்டாரின் உடலுக்குள் புதைத்து வைக்கும் வகைக்கு மரத்தில் பெரிய துளை போட வேண்டும், போட்ட பிறகு திரும்ப வழியில்லை. பழைய, விலைமதிப்புள்ள பேஸில் அதை நினைக்கவே வேண்டாம். அகூஸ்டிக் பேஸில் கேபிள் செருகும் இடமே பட்டனாக இருந்தால் சாதாரண லாக் அதில் பொருந்தாது. கிப்சன் தண்டர்பேர்ட் போல மேல் பட்டன் உடலின் பின்புறம் இருக்கும் பேஸ்களில் ஸ்ட்ராப் இழுக்கும் திசை வேறு. ‘ப’ வடிவத் துண்டு எப்படித் திரும்பி நிற்கிறது என்று தோளில் போட்டுக்கொண்டே பார்த்துவிட வேண்டும்.

லாக்குக்குப் பதிலாக, ஸ்ட்ராப் நழுவாமல் பட்டனில் மாட்டும் ரப்பர் வாஷரைக் கேவலமாகப் பார்க்கத் தேவையில்லை. கிரோல்ஷ் பீர் பாட்டில் மூடியின் ரப்பர் வளையத்தை இதற்காகவே எடுத்து வைத்தவர்கள் பலர். நன்றாகவே பிடிக்கும். ஆனால் ரப்பர் நாளாக நாளாக வெடிக்கும், நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுள்ள கிட்டாரில் பட்டுக்கொண்டே இருந்தால் பூச்சு இளகிக் கறைபடும். வீட்டில் உட்கார்ந்து வாசிப்பவருக்கு அது போதும். மேடையில் நின்று ஆடுகிறவருக்குப் போதாது.

மாட்டியதும் கையை விடும் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். ‘கிளிக்’ சத்தத்தை மட்டும் நம்பாமல், ஒரு கையால் கிட்டாரின் உடலைத் தாங்கிக்கொண்டு ஸ்ட்ராப்பை இரண்டு முனையிலும் பட்டனிலிருந்து வெளியே இழுத்துப் பாருங்கள். கிறீச்சென்று சத்தம் வந்தால் துளி வாசலின் போதும். அப்புறம், கேஸில் ஒரு ஜோடி ரப்பர் வாஷர் கிடக்கட்டும். லாக் துண்டு தொலைந்து இரவல் ஸ்ட்ராப்பை மாட்ட வேண்டி வந்தால், பெரும்பாலான லாக் பட்டன்களில் சாதாரண ஸ்ட்ராப்பும் ஏறும், வாஷர் அதை நழுவவிடாது.