ஏற்காட்டில் கூட்டு ஓவியக் கண்காட்சி வைக்கப் போகிறீர்களா?

முதலில் ஈரத்தைக் கவனியுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரம், மூட்டம் ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிடும், மெல்லிய காகிதம் நெளியும்; அதனால் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) உள்ள, பளபளப்பில்லாத மேட் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து, கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி அமிலமில்லாத மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டைச் சட்டம்) வைத்து, சேலத்திலேயே ஃப்ரேம் போட்டுவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும், அதனால் ஃப்ரேம்களை இரண்டிரண்டாக முகத்தோடு முகம் சேர்த்து நடுவில் அட்டை வைத்துக் கட்டுங்கள்.

ஆளுக்கொரு சுவர் என்று பிரிக்கவே வேண்டாம்! டேப்லெட்டில் வரைந்ததும் மசியில் வரைந்ததும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் இன்றைய ஓவியம் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று தெரியும். மாட்டும்போது படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும்.

அப்புறம், படம் விற்றால் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். மே மாதக் கோடை விழா சமயத்தில் வைத்தால் கூட்டம் தானாக வரும்.