ஒரு பாட்டில் சேற்றில் ஊதா பாக்டீரியா வளர்ப்பது எப்படி?

செடிகள் தண்ணீரைப் பிளப்பதால் ஆக்சிஜன் வெளிவருகிறது. ஊதா, பச்சைக் கந்தக பாக்டீரியாக்களும் வெயிலை நம்பித்தான் வாழ்கின்றன. ஆனால் அவை தண்ணீரை விட்டுவிட்டு, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைப் பிடித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது கந்தகம். ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி 1880-களில் காட்டிய வழியில் இவற்றை வீட்டிலேயே வளர்க்கலாம். விதை வாங்க வேண்டாம், சேற்றிலேயே இருக்கின்றன.

1. குளம் அல்லது கழிமுகக் கரையில் கருப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருக்கும் சேறு முக்கால் லிட்டர் எடுங்கள். கையுறை அவசியம். கல், குச்சி, இலைகளைப் பொறுக்கிவிடுங்கள். அதே இடத்துத் தண்ணீரும் கொஞ்சம் வேண்டும்.

2. கால் லிட்டர் சேற்றில் அரைத்தாள் செய்தித்தாளைப் பொடியாகக் கிழித்துப் போட்டு, இரண்டு டீஸ்பூன் ஜிப்சம், ஒரு முட்டை ஓட்டின் தூள் சேர்த்துக் குழையுங்கள். நிலக்கடலைக்குப் போடும் ஜிப்சம் உரக்கடையில் கிடைக்கும். சாக்பீஸும் பெரும்பாலும் ஜிப்சம்தான்; அதனால் முட்டை ஓட்டுக்குப் பதிலாக அதைப் போடாதீர்கள். காகிதம் நொதித்து உணவாகும். அதைத் தின்னும் வேறு பாக்டீரியாக்கள் ஜிப்சத்திலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும்.

3. உள்ளே தெளிவாகத் தெரியும், நிறமில்லாத ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டி, அந்தக் கலவையை அடியில் நிரப்புங்கள். மேலே வெறும் சேறு, அதற்கும் மேல் இரண்டு விரல் உயரம் தண்ணீர். குச்சியால் குத்திக் காற்றுக்குமிழ்களை வெளியேற்றுங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்: காற்று தங்கிய இடத்தில் இந்த பாக்டீரியா வளராது.

4. பிளாஸ்டிக் தாளால் தளர்வாக மூடி, ரப்பர் பேண்டு போடுங்கள். இறுக்கி அடைத்தால் வாயு சேர்ந்து சேற்றைத் தூக்கிவிடும்.

5. காற்றோட்டமுள்ள ஜன்னலோரம் வையுங்கள். உச்சிவெயில் நேராக விழுந்தால் பாட்டில் சூடேறிவிடும். எல்.இ.டி. விளக்கு மட்டும் போதாது. ஊதா பாக்டீரியா விரும்பி உறிஞ்சுவது 800–900 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி, வெள்ளை எல்.இ.டி.யில் அது கிட்டத்தட்ட இல்லை. பாட்டிலைத் திருப்பவும் கூடாது.

முதலில் எல்லாம் கருக்கும். அது இரும்பு சல்பைடு, நல்ல அறிகுறி. நான்கு முதல் எட்டு வாரத்தில் வெளிச்சம் படும் பக்கத்தில் ஊதாத் திட்டுகள் தெரியும். அதற்குக் கீழே, சல்பைடு அதிகமுள்ள இடத்தில், பச்சைக் கந்தக பாக்டீரியா படரும். தண்ணீரிலுள்ள பச்சை வேறு: அது ஆக்சிஜன் விடும் பாசி.

கருமை மாறவே இல்லையென்றால் ஒளி போதவில்லை, இடம் மாற்றுங்கள். நாற்றம் தாங்கமுடியாவிட்டால் ஜிப்சம் அதிகம். வெளியே வையுங்கள், அடுத்த முறை பாதியாக்குங்கள். தண்ணீர் வற்றினால் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்துவைத்து, குளோரின் போனபின் ஊற்றுங்கள்.