தேர்ச்சி அறிக்கையில் குறிப்பு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தவணை முடியும் வாரத்தில் எங்கள் ஆசிரியர் அறை மேசை முழுவதும் தேர்ச்சி அறிக்கைகள்தாம். புதிதாக நியமனம் பெற்று வந்தவர்கள் அவற்றை அடுக்கி வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் எழுதித் தள்ளுகிறார்கள். எட்டிப் பார்த்தால், எங்கள் காலத்து வசனங்களே பேனா மாறி மறுபடியும் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

பெயர் மாறுவது, எழுத்துப்பிழை போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. கையொப்பமிடும்போது அதிபரின் கண்ணில் அவை எப்படியும் பட்டுவிடும்.

"மேலும் முயற்சி தேவை"

எதில்?

விடைத்தாளைப் பாராமல் "கவனக்குறைவு" என்பது

இந்த ஒரு சொல்லைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. தரம் 8 மாணவன் ஒருவனுக்கு முதலாம் தவணையில் கணிதத்துக்கு 34 புள்ளிகள். குறிப்பு: "கவனக்குறைவு." தந்தை கடற்றொழிலாளி. ஆசிரியர் எழுதியதை அப்படியே நம்பினார். பையனின் மாலைப் பந்தாட்டம் நின்றது. கைத்தொலைபேசி அலுமாரிக்குள் போனது. இரண்டாம் தவணையில் 36. குறிப்பு மறுபடியும் அதே சொல்.

விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். 1/2 + 1/3 = 2/5. அடுத்தது 1/4 + 1/2 = 2/6. ஒரே பகுதியெண் கொண்ட 2/7 + 3/7 கூட 5/14 ஆகியிருந்தது. ஆனால் பின்னப் பெருக்கலில் ஒரு கணக்கும் பிழையில்லை. மேலுள்ளதை மேலுள்ளதோடும் கீழுள்ளதைக் கீழுள்ளதோடும் பெருக்கும் வழியை அவன் சரியாகப் பிடித்திருந்தான். அதையே கூட்டலுக்கும் கொண்டுவந்துவிட்டான். கவனமில்லாத பிள்ளை ஓரிடத்தில் ஒருவிதமாகவும் இன்னோரிடத்தில் வேறுவிதமாகவும் பிழைவிடும். இவனோ ஒவ்வொரு கூட்டலையும் ஒரே முறையில், மிகக் கவனமாகப் பிழையாகச் செய்திருந்தான். ஒரு தவணைக் காலம் அவனுடைய விளையாட்டைப் பறித்ததுதான் அந்தச் சொல் கண்ட பலன்.

எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: "பின்னங்களை நன்றாகப் பெருக்குகிறார். கூட்டும்போது பகுதியெண்களைச் சமப்படுத்தாமல் அவற்றையும் கூட்டிவிடுகிறார். விடுமுறையில் பாடநூலிலிருந்து நாளுக்கு மூன்று கூட்டல் கணக்குகள் செய்து வரவும். தவணை தொடங்கியதும் பார்ப்பேன்." கடைசி வசனத்தை எழுதினால் பார்க்கத்தான் வேண்டும், பாராவிட்டால் அடுத்த குறிப்பை எந்தப் பிள்ளையும் மதிக்காது.

நாற்பது பிள்ளைகளுக்கு இப்படி எழுத முடியுமா என்று கேட்பார்கள். அறிக்கை எழுதும் இரவில் தொடங்கினால் முடியாதுதான். விடைத்தாள் திருத்தும்போதே புள்ளிப் பதிவேட்டில் பெயருக்கு நேரே பென்சிலால் இரண்டு சொல் குறித்துவிடுங்கள்: "பின்னக் கூட்டல்", "கேள்வியை அரைகுறையாக வாசிக்கிறாள்". பாட ஆசிரியர் இதைக் கொடுக்காமல் வெறும் புள்ளியை மட்டும் கொடுத்தால் வகுப்பாசிரியர் பாவம், வேறு எதைத்தான் எழுதுவார்?

அக்காவோடு ஒப்பிடுவது

அக்காவின் அறிக்கை அக்காவிடமே இருக்கட்டும்.

புள்ளியையே திரும்ப எழுதுவது

சராசரியும் நிலையும் மேலேயே இருக்கின்றன. "வகுப்பில் 27ஆம் நிலை" என்று கீழேயும் எழுதினால் பிள்ளைக்கு இரண்டு தரம் அடி விழும். 92 எடுத்தவளுக்கு "மிக நன்று" என்பதும் இதே சோம்பல்தான். அவளும் அடுத்து என்ன செய்வது என்று அறிய விரும்புகிறாள்.

வீட்டை அறியாமல் எழுதுவது

"பெற்றோர் தினமும் வீட்டில் சொல்லிக்கொடுக்கவும்." எந்தப் பெற்றோர்? திருகோணமலையின் கரையோரக் கிராமங்களில், வாடைக்காற்று தொடங்கும்வரை, மாலையில் வலையோடு போகும் தந்தையர் உண்டு. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் தாய் மத்திய கிழக்கில் வேலை செய்யும் வீடுகள் உண்டு. அங்கே கையொப்பமிடுவது அம்மம்மாவோ உம்மம்மாவோதான். பிள்ளை தனியே செய்யக்கூடியதையும் அவர் சரிபார்க்கக்கூடியதையும் எழுதுங்கள். "இரவுச் சாப்பாட்டுக்கு முன் கொப்பியைக் காட்டவும்" என்றால் போதும். மூன்று கணக்கு இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க அவருக்குப் பின்னம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அறிக்கையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் தாய்க்கு அனுப்புவார்கள். ஆகவே கையெழுத்தைச் சற்றுப் பெரிதாக எழுதுங்கள். பொது மடங்குகளுள் சிறியது என்பதைப் "பொ.ம.சி." என்று சுருக்கினால் குவைத்தில் இருக்கும் அவருக்கு விளங்காது.