கல்லாட்டம் இருந்தால் போதுமா? கிணற்று மீட்புக்குக் கயிறும் முடிச்சும் பார்க்கிற விதம்

தீயணைப்பு வேலையில் 22 வருஷம் இருந்தேன். எங்கள் பக்கம் எல்லாம் ஆழமான கிணறுகள். விழுவது ஆடு, மாடு, சில நாள் ஆள். இப்போது ஊர்ப் பையன்களுக்குக் கயிறு கட்டச் சொல்லித் தருகிறேன். முதல் நாள் எல்லோரும் முடிச்சைப் போட்டு, பலம் கொண்ட மட்டும் இழுத்துவிட்டு, "கல்லாட்டம் இருக்குதுங்க சார்" என்பார்கள். இழுத்துப் பிடித்தால் எந்த முடிச்சும் கல்லாட்டம்தான் இருக்கும். தளரவிட்டு, ஆட்டி, மறுபடி இழுத்துப் பார்த்தால்தான் அதன் குணம் தெரியும்.

அதற்கும் முன்னால் கயிறு. கடையில் "நைலான்" என்று நீலத்திலும் பச்சையிலும் சுருட்டித் தருவது பல சமயம் நைலானே கிடையாது. ஒரு ஜாண் வெட்டி வாளித் தண்ணீருக்குள் அமுக்கிவிடுங்கள். நைலான் என்றால் மூழ்கும். மேலே வந்து மிதந்தால் பாலிப்ரொப்பிலீன் மாதிரி பிளாஸ்டிக். அதில் முடிச்சு வழுக்கும். உரசிச் சூடேறினால் 165 டிகிரி வாக்கில் உருகியும் போகும். ஆளைத் தூக்க அது வேண்டாம். நல்ல கயிற்றையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெறும் விரலுக்குள் உருவிப் பாருங்கள். தட்டையாக, விறைப்பாக, பளபளவென்று ஓரிடம் தட்டுப்பட்டால் கழித்துவிடுங்கள். டிராக்டர் ஷெட்டில் பேட்டரிக்குப் பக்கத்தில் கிடந்ததை, புதுசாகத் தெரிந்தாலும் நான் தொட மாட்டேன். ஆசிட் நைலானை அரித்துவிடும், கண்ணுக்குத் தெரியாது.

முடிச்சில் எனக்குப் பிடித்தது எட்டு முடிச்சு. எட்டுப் போட்டு, வந்த வழியிலேயே முனையைத் திருப்பி ஓட்டுவது. எங்கே பார்த்தாலும் இழைகள் ஜோடி ஜோடியாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஓட வேண்டும். டார்ச் வெளிச்சத்திலும் தப்பு தெரிந்துவிடும், அதுதான் அதன் அருமை. 12 மில்லிமீட்டர் கயிற்றுக்கு வால், அதாவது முடிச்சுக்கு வெளியே மிஞ்சும் முனை, ஒரு ஜாணாவது விடுங்கள். பவ்லைன் என்பது இறுகாத வளையம் போடும் இன்னொரு முடிச்சு. போடுவது சீக்கிரம், அவிழ்ப்பதும் சுலபம். ஆனால் பாரம் ஏறி இறங்கும்போது, அதுவும் விறைத்த கயிற்றில், தானாகவே தளரும். வாலை இன்னொரு முடிச்சால் பூட்டாமல் விடாதீர்கள். விறகுக் கட்டுக்குப் போடுகிற முடிச்சை வைத்து இரண்டு கயிற்றை இணைக்கும் பேச்சே வேண்டாம்.

சோதிக்க வேப்பமரக் கிளை போதும். வால் முடிச்சிலிருந்து வெளிவரும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். 50 கிலோ மணல் மூட்டை இரண்டை முழங்கால் உயரத்தில் தொங்கவிட்டு, 20 தடவை ஏற்றி இறக்கி, இடையிடையே தளர்த்தி உலுக்குங்கள். கோடு நகர்ந்தால் அந்தக் கட்டு ஆகாது. நகராவிட்டால் முடிச்சு நழுவவில்லை என்று மட்டும் அர்த்தம். கயிற்றின் பலத்துக்கு அது சான்று இல்லை.

இனி ஆளைக் கட்டுவது. என் கேள்வி ஒன்றுதான்: மயங்கினவர் இதில் நிற்பாரா? அக்குளுக்குக் கீழே ஒற்றை வளையம் மட்டும் போட்டால், மயங்கினவர் கை மேலே தூக்கிக்கொண்டு ஆள் அப்படியே வழுக்கிவிடுவார். சுருக்கு போட்டாலோ நெஞ்சையே நெரிக்கும். நாங்கள் போடுவது நாற்காலி முடிச்சு. இரண்டு வளையம், ஒன்று அக்குளுக்குக் கீழே, மற்றது முழங்காலுக்குப் பின்னால். ஒரு முனை தூக்க, மறுமுனை ஆள் சுவரில் மோதாமல் விலக்கிப் பிடிக்க. ஒவ்வொரு வளையமும் நடு முடிச்சிலிருந்து பிரிகிற இடத்தில், அந்தப் பக்கத்து முனையால் ஒரு சுற்றுப் பூட்டு விழ வேண்டும்; வளையம் சுருங்காமல் பிடிப்பது அதுதான். ஒரு பயிற்சியில் நெஞ்சு வளையத்துப் பூட்டை நானே மறந்துவிட்டேன். தரையிலிருந்து ஓரடி தூக்குவதற்குள் அந்தப் பையனுக்குப் பேச்சு வரவில்லை. அன்றிலிருந்து பூட்டைத் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்விட்டு எண்ணாமல் தூக்கச் சொல்வதில்லை.

ஆளை வைத்துப் பார்ப்பதென்றால் கீழே மெத்தை, முழங்கால் உயரம், ஒரு நிமிஷம், அவ்வளவுதான். அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கி, சில நிமிஷங்களிலேயே மயக்கம் வரலாம். அதனால் மேலே இழுக்க ஆட்கள் தயாரான பிறகுதான் கட்டவே தொடங்க வேண்டும். இழுப்பது கையால்தான், டிராக்டரில் கட்டி இழுத்தால் ஆள் எங்காவது சிக்கினாலும் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. கிணற்று விளிம்பில் கயிறு உரசும் இடத்தில் நனைத்த சாக்கை மடித்துப் போடுங்கள்.

உண்மையாகவே ஆள் விழுந்திருந்தால் முதலில் 101 அல்லது 112. பாழுங்கிணற்றில் விஷவாயு இருக்கலாம். விளக்கை இறக்கி, அணையவில்லை என்று நம்பி இறங்கிவிடாதீர்கள்.

பாரத்தோடு ஒருமுறை வெடுக்கென்று விழுந்து நின்ற கயிறு மாடு கட்ட ஆகும். முனையில் சிவப்பு பெயின்ட் அடித்து, அன்றைக்கே தொழுவத்துக்கு அனுப்பிவிடுங்கள்.