பழைய லார்ஜ் சென்ட் வாங்கினால் புளி பக்கம் போகாதீர்கள்

அமெரிக்கச் செம்புக் காசு சேர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது லார்ஜ் சென்ட், அதாவது டாலரில் நூறில் ஒரு பங்கு மதிப்புள்ள பழைய பெரிய செம்புக் காசு. 1793 முதல் 1857 வரை ஃபிலடெல்பியா நாணயச் சாலையில் அடித்தது. இன்றைய சென்ட் 19 மில்லிமீட்டர்தான். இது கிட்டத்தட்ட 28, கையில் வைத்தாலே கனம் தெரியும்.

ஆரம்பத்திலேயே 1793, 1799 என்று தேடி அலைய வேண்டாம். இரண்டுமே அரிது, விலையும் எட்டாது, போதாததற்கு 1798-இன் கடைசி எண்ணைத் திருத்தி 1799 ஆக்கிய போலிகளும் சுற்றுகின்றன. 1840களிலும் 50களிலும் வந்த, பின்னல் கொண்டை போட்ட லிபர்ட்டி (சுதந்திரத்தைக் குறிக்கும் பெண் உருவம்) தலைக் காசுகள் தாராளமாகக் கிடைக்கும், அதில் தொடங்குங்கள். 1815 என்று ஆண்டு போட்டதை யாராவது நீட்டினால் தொடவே வேண்டாம். இங்கிலாந்தோடு நடந்த போரால் அங்கிருந்து வர வேண்டிய, காசு அடிக்கும் செம்பு வில்லைகள் நின்றுபோனதால் அந்த ஆண்டு போட்ட சென்ட்டே கிடையாது.

வாங்குமுன் எடை போடுங்கள். 1796-க்குப் பிந்தியது 10.89 கிராம் இருக்க வேண்டும், தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையும். காந்தம் இழுத்தால் அது செம்பே இல்லை. அப்புறம் விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள்: நல்ல காசு ஒரே சீரான பழுப்பாக இருக்கும், தேய்த்துக் கழுவியது ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாக மினுக்கும், மயிரிழைக் கீறல்கள் ஒரே பக்கமாக ஓடும், எழுத்து இடுக்கில் மட்டும் அழுக்கு மிஞ்சியிருக்கும். அதை விட்டுவிடுங்கள்.

செம்பைக் கண்டாலே புளி போட்டுத் தேய்க்க நமக்குக் கை பரபரக்கும். தயவுசெய்து கூடாது! அந்தப் பழுப்பு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஊறி வந்தது, போனால் திரும்ப வராது, அதோடு காசின் மதிப்பில் பெரும்பங்கும் போய்விடும்.

பச்சைக் களிம்பு இருந்தால் மினரல் ஆயிலில் சில நாள் ஊறவிட்டு, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ரோஜா முள்ளால் மெதுவாகக் கிளறி எடுங்கள். முள் செம்பைவிட மென்மை, கீறாது, ஊசி கீறிவிடும். வரவில்லையென்றால் இன்னும் ஊறட்டும், அழுத்தாதீர்கள்.

எப்போதும் விளிம்பைப் பிடித்தே தூக்குங்கள், விரல் ரேகை செம்பில் அப்படியே பதிந்துவிடும். பிவிசி உறையும் ரப்பர் பேண்டும் வேண்டவே வேண்டாம். மைலர் என்ற பாலியஸ்டர் உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். பச்சைப் புள்ளி தெரிந்தால் அந்தக் காசை மட்டும் தனியே எடுத்து வையுங்கள்.